பூசை நடக்காத கடற்கரைக் குடைவரைகளுக்குக் குடும்பத்தோடு போனால் எதை, எப்படிப் பார்ப்பது?

திருப்பூரிலிருந்து அம்மாவையும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் செல்ல இரண்டு நாள் ஒதுக்கியிருப்பதாகவும், எந்தக் கோயிலை எந்த வரிசையில் பார்க்கலாம், வழிகாட்டி தேவையா, ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போனது உண்மைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் விடை சொல்லலாம். ஆனால் கேள்வியின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியைத்தான் நான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்: "பூசையே இல்லாத கோயிலுக்கு இத்தனை தொலைவு எதுக்குங் கண்ணு போகோணும் என்று அம்மா கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை." அவிநாசிக்கும் பேரூருக்கும் சென்னிமலைக்கும் போய்ப் பழகிய ஒருவர் இப்படிக் கேட்பது முற்றிலும் நியாயம். வரிசையைச் சொல்வதற்கு முன் அவருடைய கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தப் பதிலிலிருந்துதான் வரிசையே பிறக்கிறது.

நான் நம் பகுதிக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டுப் படிக்கப் பயிற்சி உண்டு, மாணவர்களைக் கோயில்களுக்கு அழைத்துச் சென்று காட்டிய பழக்கமும் உண்டு. சிற்ப சாத்திரம் முறையாகக் கற்ற ஸ்தபதி அல்லன், பாறையியல் அறிந்தவனும் அல்லன். ஆகவே கீழே சொல்பவற்றில் கல்வெட்டையும் கட்டட அமைப்பையும் பற்றியவற்றை உறுதியாகவும், மற்றவற்றை ஒரு பார்வையாளனின் கருத்தாகவும் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாமல்லபுரத்தில் உள்ள அனைத்தும் "குடைவரைக் கோயில்" என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது, அது சரியன்று. அங்கே நான்கு வகை வேலை நடந்திருக்கிறது. பாறையின் முகப்பைக் குடைந்து உள்ளே மண்டபமும் கருவறையும் அமைத்தவை குடைவரைகள். மகிடாசுரமர்த்தினி மண்டபம், வராக மண்டபம், மும்மூர்த்தி மண்டபம் இந்த வகை. ஒரு முழுப் பாறையை வெளியிலிருந்து செதுக்கி விமானமாக ஆக்கியவை ஒற்றைக்கல் கோயில்கள். ஐந்து ரதங்களும் கணேச ரதமும் இந்த வகை. திறந்த வெளியில் பாறைச் சுவரில் செதுக்கிய பெரும் புடைப்புச் சிற்பங்கள் மூன்றாவது வகை. நான்காவது, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டிய கட்டுமானக் கோயில்; எல்லாரும் படத்தில் பார்த்திருக்கும் கடற்கரைக் கோயில் இந்த வகையைச் சேர்ந்ததே தவிரக் குடைவரை அன்று. ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள், குடைவதிலிருந்து கட்டுவதற்குத் தமிழ்நாட்டுக் கோயிற்கலை நகர்ந்ததை நடந்தே பார்த்துவிடலாம் என்பதுதான் இந்த இடத்தின் தனிச்சிறப்பு. 1984 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கும் இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

அம்மாவின் கேள்விக்கான பதிலின் பாதி இதில் இருக்கிறது. நாம் இன்று கும்பிடும் கோயிலின் உருவம் எப்படி முடிவாயிற்று என்பதை அங்கே காணலாம். அதற்கு முன் கோயில்கள் இல்லாமல் இல்லை. அவை செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை என்பதால் பெரும்பாலும் அழிந்துவிட்டன. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற சிற்றூரில் ஒரு குடைவரை உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் என்னும் அரசன் அமைத்த கோயில் இது என்று அதன் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அவன் ஆட்சி ஏழாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளை ஒட்டியது. ஓர் அரசன் தான் செய்ததைவிடத் தான் பயன்படுத்தாத பொருட்களைப் பெருமையாகப் பட்டியலிட்டிருக்கிறான் என்றால், கல்லில் கோயில் என்பது பல்லவ நாட்டில் அப்போது எவ்வளவு புதுமையாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பதிலின் மறுபாதி நம் கொங்கு மண்ணிலேயே கிடைக்கிறது. மாமல்லபுரம் போகும் எவருக்கும் நான் சொல்வது, முதலில் நாமக்கல்லைப் பாருங்கள் என்பதே. கோட்டை இருக்கும் அந்தப் பாறைக்குன்றின் மேற்கே நரசிம்மருக்கும் கிழக்கே அரங்கநாதருக்கும் இரண்டு குடைவரைகள் உள்ளன. அதியர் மரபைச் சேர்ந்த குணசீலன் என்ற அரசன் குடைவித்தது என்பதும், அதியேந்திர விஷ்ணுகிருகம் என்ற பெயரும் அங்குள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டுகளால் தெரிகின்றன. காலம் எட்டாம் நூற்றாண்டு என்பது எழுத்தமைதியைக் கொண்டு பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் காணப்போகும் வராகரையும் உலகளந்த பெருமாளையும் நாமக்கல் நரசிம்மர் குடைவரையில் வேறு கைத்திறத்தில் காண்பீர்கள். அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் பாம்பு சிங்கம் போன்ற முகங்களைக் கொண்ட கார்க்கோடகன். இப்படிப்பட்ட அமைப்பை வேறெங்கும் எளிதில் காண முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே விளக்கு எரிகிறது, துளசி கொடுக்கிறார்கள், தீபாராதனை நடக்கிறது. குடைவரை என்பது உயிரோடு இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அம்மா அங்கே கண்டுவிட்டால், மாமல்லபுரத்து வெற்றுக் கருவறையின் முன் நிற்கும்போது அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகவே விளங்கும். ஒரே எச்சரிக்கை, வழிபாட்டுக் கோயில் ஆதலால் நண்பகலில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே சென்றுவிடுங்கள். சிற்பங்களைப் படம் எடுக்க முயன்று அர்ச்சகருடன் வாக்குவாதம் வேண்டாம்.

பிள்ளைகளுக்காக இன்னொன்று. திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் வழியில் திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறைகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயணத்துக்கு முன் ஒரு மாலை அவர்களை அங்கே அழைத்துச் சென்று, கருங்கல்லில் உளி படும்போது ஓர் அடிக்கு எவ்வளவு கல் பெயர்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இன்று அங்கே அறுக்கும் இயந்திரமும் உண்டு என்றாலும் முகமும் விரலும் இன்னமும் உளியால்தான் வருகின்றன. பட்டறையில் கல் தவறிப்போனால் வேறு கல் எடுத்துக்கொள்ளலாம். குன்றையே குடைபவனுக்கு அந்த வசதி இல்லை. இதை நேரில் உணர்ந்த பிள்ளைகள் மாமல்லபுரத்தில் சலித்துக்கொள்வதை நான் கண்டதில்லை.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேரன், நீலகிரி போன்ற இரவு விரைவு வண்டிகள் காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரல் செல்பவை, செங்கல்பட்டைத் தொடுவதில்லை. எனவே இரயிலில் போனால் சென்னை சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே வர வேண்டும். சொந்தக் காரில் போவதாக இருந்தால் ஈரோடு, திருச்செங்கோடு வழியாக நாமக்கல்லைப் பார்த்துவிட்டு, இராசிபுரம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போகலாம். அப்படியானால் முதல் நாள் முழுவதும் பயணத்துக்கே போய்விடும். இரண்டு நாளை மூன்று நாளாக நீட்டுங்கள், அல்லது நாமக்கல்லை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னதே அம்மாவுக்கு நல்லது. மாதம் என்று பார்த்தால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பாறைகளின் மேல் முதியவர்களை நடக்க வைப்பது தண்டனை.

இனி வரிசை. பலர் நுழைவாயிலுக்கு அருகில் எது இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைப்பது கோயில் எந்தத் திசை நோக்கியிருக்கிறது என்பதை வைத்து நேரம் பிரிப்பது. குடைவரைக்குள் வெளிச்சம் வாயில் வழியாக மட்டுமே வரும். வெயில் எதிர்ப்பக்கம் இருக்கும் நேரத்தில் போனால் சிற்பம் வெறும் நிழலாகத் தெரியும். பெரிய தபசுச் சிற்பமும் மகிடாசுரமர்த்தினி மண்டபமும் கிழக்கு நோக்கியவை, ஆகவே காலைக்கு உரியவை. வராக மண்டபமும் மும்மூர்த்தி மண்டபமும் மேற்கு நோக்கியவை. ஐந்து ரதங்களில் நான்கு மேற்கையும், நகுல சகாதேவ ரதம் தெற்கையும் நோக்கியவை. இவை பிற்பகலுக்கு உரியவை. கடற்கரைக் கோயிலை மறுநாள் சூரியன் எழுந்த சற்று நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே மற்றவர்கள் காணாத பாதியைக் கண்டுவிடுவீர்கள்.

காலையில் முதலில் நிற்க வேண்டிய இடம் தபசுப் பாறை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு, இரண்டு பெரும் பாறைகளின் முகத்தில் ஒரு முழு உலகமே செதுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் உள்ள இயற்கைப் பிளவில் நாகர்கள் மேலெழுகிறார்கள். இடப்புறம் ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி எலும்பும் தோலுமாய் ஒருவர் தவம் செய்கிறார், அவர் முன் சிவபெருமான் வரம் தரும் கையோடு நிற்கிறார். வலப்புறம் யானைகளும் குட்டிகளும். இது சிவனிடம் பாசுபதம் என்னும் படைக்கலம் வேண்டிய அர்ச்சுனன் தவமா, கங்கையைக் கொணர்ந்த பகீரதன் தவமா என்பது நூறாண்டுக்கு மேலாகத் தீராத வழக்கு. பிளவின் மேலே நீரைத் தேக்கி வழியவிடுவதற்கான தொட்டி அமைப்பின் அடையாளம் இருப்பதும் பிளவில் நாகர் இருப்பதும் கங்கை என்பாருக்கு வலுச் சேர்க்கின்றன. சிவனின் வரம் தரும் கையும் அருகில் நிற்பவர்களும் அர்ச்சுனன் என்பாருக்குப் பொருந்துகின்றன. இரண்டு பொருளும் வேண்டுமென்றே ஒன்றாக வைக்கப்பட்டன என்று கருதும் அறிஞரும் உண்டு. என் சாய்வும் அந்தப் பக்கமே. ஆனால் அங்கே இதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை, ஆகவே வழிகாட்டி எதை அடித்துச் சொன்னாலும் அதைக் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் யானைக் கூட்டத்தின் அருகே பின்னங்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைத் தேடச் சொல்லுங்கள், அதன் முன் எலிகள் நிற்கும். மேலே முனிவன் செய்யும் அதே தவக் கோலத்தைப் பூனைக்கும் கொடுத்த சிற்பியின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன்.

பக்கத்திலேயே கண்ணன் மலையைக் குடையாகப் பிடிக்கும் சிற்பம் உள்ள கிருஷ்ண மண்டபம். சிற்பம் பல்லவர் காலத்தது, அதை மூடி நிற்கும் தூண் மண்டபம் விசயநகரர் காலத்தில் சேர்க்கப்பட்டது. பால் கறப்பவனும், கன்றை நக்கிக் கொடுக்கும் பசுவும் இருக்கும் பகுதியில் அம்மாவை அமரவையுங்கள். மாடு வளர்த்த கைகளுக்கு அந்தச் சிற்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு குன்றின்மேல் மகிடாசுரமர்த்தினி மண்டபம். படிகள் உண்டு, மெல்ல ஏற வேண்டும். முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் வலச்சுவரில் சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு வில் வளைத்து வரும் துர்க்கை. எருமைத்தலை அசுரன் கதாயுதத்தைப் பற்றியபடி பின்னோக்கிச் சாய்கிறான், ஆனால் இன்னும் விழவில்லை. பிற்காலச் சிற்பங்களில் அவள் காலடியில் வெட்டுண்ட தலையாகக் காணும் அசுரனை இங்கே போரின் நடுவில் காண்கிறோம். எதிர்ச்சுவரில் திருமால் அறிதுயிலில் இருக்கிறார். காலடிப்பக்கம் மதுவும் கைடபனும் தாக்க நெருங்குகிறார்கள். ஒருபுறம் முழு வேகம், மறுபுறம் அசைவற்ற அமைதி. இரண்டையும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே வைத்ததற்கு ஏதும் எழுதிவைக்கப்படவில்லை, ஆனால் தற்செயலாக அமைந்தது என்று நம்ப என்னால் முடியவில்லை. கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தர், அதாவது உமையோடும் குழந்தை முருகனோடும் அமர்ந்த சிவன். இந்த மண்டபத்தில் அரை மணி நேரமாவது இருங்கள். மேலே ஒலக்கணேசுவரர் என்னும் சிறு கட்டுமானக் கோயில் இருக்கிறது. கலங்கரை விளக்கம் கட்டப்படும் முன் அதன் உச்சியில் கப்பல்களுக்காக விளக்கு எரித்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம், இழப்பு பெரிதன்று.

வெயில் ஏறியதும் குன்றை விட்டு இறங்கி, அம்மாவுக்கு உரிய இடத்துக்குப் போங்கள். ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. அன்றாட வழிபாடு நடப்பது. திருமங்கையாழ்வார் கடல்மல்லைத் தலசயனம் என்று பாடியது இந்தத் தலத்தைத்தான், பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே. எனவே மாமல்லபுரத்தில் பூசை இல்லை என்பது பாதி உண்மை. தொல்லியல் துறை காக்கும் சின்னங்களில் இல்லை, ஊருக்குள் உண்டு. குடைவரைகளிலேயே ஆதிவராகர் குடைவரை இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. அதனுள் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரச உருவங்கள் தத்தம் அரசியரோடு உள்ளன. அவர்கள் எந்த மகேந்திரன், எந்தச் சிம்மவிஷ்ணு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், பல்லவ அரசர் முகத்தைப் பெயரோடு காணும் அரிய இடம் அது. எல்லா நேரமும் திறந்திருக்காது. கோயிலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

பிற்பகல் முழுவதும் வராக மண்டபத்துக்கும் ஐந்து ரதங்களுக்கும். வராக மண்டபத்தில் சிங்கம் அமர்ந்த அடியுடைய தூண்களைப் பாருங்கள். பல்லவருக்கே உரிய முத்திரை அது. உள்ளே பூமிதேவியைத் தாங்கும் வராகர், எதிரே உலகளந்த பெருமாள், பின்சுவரில் யானைகள் நீராட்டும் திருமகளும் துர்க்கையும். நாமக்கல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்: இங்கே உருவங்கள் மெலிந்து நெடிதுயர்ந்தவை, அங்கே உடல் திரண்டு முறுக்கேறியவை.

ஐந்து ரதங்களுக்கும் பாண்டவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர்கள் பிற்கால மக்கள் வைத்தவை. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம், உள்ளே இருப்பவள் கொற்றவை. அருச்சுன ரதமும் தருமராச ரதமும் அடுக்கடுக்காய் எழுந்து எண்பட்டைச் சிகரத்தில் முடியும் விமானங்கள். நகுல சகாதேவ ரதம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம்; பக்கத்தில் ஒரு யானையையே செதுக்கி நிறுத்தியிருப்பதால் அந்த வடிவத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. நீள்சதுரமாய் வண்டிக்கூண்டு போன்ற கூரையுடன் இருப்பது பீம ரதம். அதன்முன் நின்று அவிநாசி இராசகோபுரத்தின் உச்சியை நினைத்துப் பாருங்கள். கலசங்கள் வரிசையாக நிற்கும் அந்த நீண்ட மேற்பகுதி இதே வடிவந்தான். மரத்தாலும் ஓலையாலும் கட்டிய பழைய கட்டடங்களின் கைமரமும் சட்டமும்கூட இங்கே கல்லில் அப்படியே படியெடுக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் அண்ணாந்து கும்பிடும் கோபுரத்தின் முன்னோடியைத் தரைமட்டத்தில் சுற்றிவந்து பார்க்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பூசை ஏன் இல்லை என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. தருமராச ரதத்தின் மேல்தளங்கள் நுணுக்கமாக முடிந்திருக்க, அடித்தளம் கரடுமுரடாக நிற்கிறது. வேலை மேலிருந்து கீழாக நடந்து, பாதியில் நின்றுவிட்டது. உச்சியில் இருக்க வேண்டிய கலசமும் இல்லை. கணேச ரதத்தின் கூரையில் கலசங்கள் வரிசையாக இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். கலசம் ஏறாத விமானத்துக்குக் குடமுழுக்கு ஏது என்று நம் ஊரில் எவரும் கேட்பார்கள். ஆகவே இவற்றில் பூசை நின்றுபோகவில்லை, பெரும்பாலும் தொடங்கவே இல்லை என்பதே என் முடிபு. ஏன் நின்றது என்பதற்கு அரசன் மரணம், போர், பாறையில் பிளவு என்று பல காரணம் சொல்வார்கள். எதற்கும் நேர்ச் சான்று கிடையாது. தபசுப் பாறைக்கு அருகில் பஞ்சபாண்டவர் மண்டபம் என்ற முடிவுறாக் குடைவரை ஒன்றும் உண்டு. பாறை முகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய கல்லைத் தட்டிப் பெயர்த்து உள்ளே சென்ற முறையை இத்தகைய முடிவுறாக் குடைவரைகளில்தான் கண்ணால் காணலாம். முழுமை பெற்றவற்றைவிட இவையே எனக்கு நெருக்கமானவை.

யார் கட்டியது என்று பிள்ளைகள் கேட்பார்கள், பள்ளிப் பாடத்தில் விடை எளிதாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று. கடற்கரைக் கோயில் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தது, அதாவது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது, என்பதில் பெரும் ஐயம் இல்லை. வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனின் பட்டமான மாமல்லன் என்பதிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பதும், ரதங்களும் பல குடைவரைகளும் அவன் காலத்தில் தொடங்கிப் பின்வந்தோர் காலத்தில் தொடர்ந்தன என்பதும் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. 1962 இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, இவை அனைத்துமே இராசசிம்மன் ஒருவனின் படைப்பு என்று எழுதினார். கல்வெட்டுகளில் வரும் அத்யந்தகாமன் முதலிய பட்டங்கள் அவனுக்கும் உரியவை என்பது அவர் வாதத்தின் அடிப்படைகளுள் ஒன்று. பட்டப்பெயர்களை மட்டும் வைத்து அரசரைப் பிரிப்பது பல்லவர் வரலாற்றில் வழுக்குப் பாறை என்பதால் அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் தூண்களிலும் முகப்புகளிலும் தெரியும் படிநிலை வேறுபாடுகள் ஒரே ஆட்சிக்குள் அடங்குமா என்ற தயக்கம் எனக்கு உண்டு.

மறுநாள் காலை கடற்கரைக் கோயில். கிழக்கு நோக்கிய பெரிய சிவன் கோயில், மேற்கு நோக்கிய சிறிய சிவன் கோயில், இரண்டுக்கும் நடுவில் பள்ளிகொண்ட திருமாலின் கருவறை என மூன்று சன்னதிகள். கட்டுமானம் முழுவதும் அடுக்கிய கல்லாக இருக்க, திருமால் உருவம் மட்டும் அங்கே முன்பே இருந்த பாறையில் செதுக்கப்பட்டது; அவர்தான் அந்த இடத்துக்கு மூத்தவர் என்று கருத இடமுண்டு. கருவறையில் பட்டை தீட்டிய இலிங்கம் உச்சி உடைந்த நிலையில் உள்ளது. சிற்பங்கள் உப்புக்காற்றில் தேய்ந்து மழுங்கியிருப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். அலைத்தடுப்புக் கற்களும் சவுக்குத் தோப்பும் கல்லில் ஊறிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையும் இல்லையென்றால் இந்த அளவும் மிஞ்சியிராது. 1990 இல் வளாகத்துக்குள் மண்ணடியிலிருந்து வெளிப்பட்ட வராகரையும் சிறு கோயிலையும் தவறவிடாதீர்கள்.

ஏழு கோயில் கதைக்கு வருகிறேன். ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோபுரங்கள் என்று அழைத்தது உண்மை. 2002 முதல் கடலடியில் நடந்த ஆய்வுகளில் சுவர் போன்ற கட்டுமானப் பகுதிகளும் வெட்டிய கற்களும் காணப்பட்டதும் உண்மை. அவை ஆறு கோயில்கள் என்பது மட்டும் நிறுவப்படவில்லை. கரை உள்வாங்கியிருக்கிறது, ஏதோ கட்டடங்கள் கடலுக்குள் போயிருக்கின்றன என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் சொல்பவர் கதை சொல்கிறார்.

கடல் எடுத்துக்கொண்டதைவிட அது காட்டிக்கொடுத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தெரியவந்த கல்வெட்டுகளைப் பின்பற்றித் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஒரு முருகன் கோயில் வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலத்துக் கல் வேலை, அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானம், வாயிலருகே கல்லால் ஆன வேல். செங்கல் பகுதி சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் செங்கல்லின் அளவைக் கொண்டு கூறினர். பல்லவருக்கு முந்தையது என்பது வரை உறுதி, எத்தனை நூற்றாண்டு முந்தையது என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சிவன்மலையும் சென்னிமலையும் மருதமலையும் சுற்றி வளர்ந்த நமக்கு அந்த இடத்தைக் காட்டாமல் திரும்புவது முறையாகாது. அங்கேயே யாளித் தலைகள் வளைந்து சூழ்ந்த புலிக்குகையும், ஒரே வாசகத்தைக் கிரந்தத்திலும் நாகரியிலும் பொறித்த அதிரணசண்ட மண்டபமும் உள்ளன. கூட்டம் குறைவு, நிழல் உண்டு, முதியவர்களுக்கு எளிது.

வழிகாட்டி வேண்டுமா என்றால், அரசு உரிமம் பெற்றவரைத் தபசுப் பாறைக்கும் ரதங்களுக்கும் மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள். கட்டணத்தை முன்பே பேசிவிடுங்கள். இதற்குக் கல்வெட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முறை கேளுங்கள், நல்ல வழிகாட்டி மகிழ்வார். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வயதுச் சான்று கையில் இருக்கட்டும். தபசுப் பாறையிலிருந்து ரதங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், அம்மாவுக்கு ஆட்டோ வையுங்கள். கடைசியாக, பவானியிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகிய துணிவோடு பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். கோயிலை ஒட்டிய கரையில் அடியிழுப்பு மிகுதி, உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.